எமிலி வீட்டு மாடியறை: ஊருக்கு என்ன தெரிந்திருந்தது?

1930 ஏப்ரலில் அமெரிக்காவின் 'ஃபோரம்' இதழில் 'எமிலிக்கு ஒரு ரோஜா' என்ற சிறுகதை வெளிவந்தது. எழுதிய வில்லியம் ஃபாக்னருக்கு அப்போது 32 வயது. சில நாவல்கள் வெளியாகியிருந்தாலும், நாடு முழுவதும் போகும் பத்திரிகை ஒன்றில் அவருடைய சிறுகதை அச்சானது அதுதான் முதல் தடவை. அமெரிக்க கோதிக் கதைகள் (பழைய வீடு, மறைந்த குற்றம், பயம் என்று போகும் கதைவகை) என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தக் கதை அதில் இருக்கும். படித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள்: பூட்டிய அறை, கட்டிலில் மட்கிப்போன உடல், பக்கத்துத் தலையணையில் நரைத்த முடி ஒன்று.

அந்தக் காட்சி பயங்கரமானதுதான். ஆனால் கதையை இரண்டாம் முறை படிக்கும்போது அதைவிடப் பெரிய பயம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. இந்தக் கதையைச் சொல்வது தனி மனிதர் யாரும் இல்லை, ஒரு ஊர். 'நாங்கள் பார்த்தோம், நாங்கள் நினைத்தோம், எங்களுக்கு வருத்தமாக இருந்தது' என்று முழுக் கதையும் ஊரின் வாயால் வருகிறது. அந்த ஊருக்கு, மாடியறைக் கதவை உடைப்பதற்குப் பல வருடங்கள் முன்பே, உள்ளே என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய தெரிந்திருந்தது. இதற்கான தடயங்களை ஊரே தன் வாயால் சொல்கிறது. சொல்கிற வரிசையை மட்டும் மாற்றிவிடுகிறது.

முதலில் நடந்ததை நடந்த வரிசையிலேயே பார்த்துவிடுவோம். மிசிசிப்பி மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற கற்பனை ஊர். அங்கே பழைய பெருமையுள்ள கிரியர்சன் குடும்பம். அப்பா தன் மகள் எமிலியைத் தேடி வந்த இளைஞர்களையெல்லாம் துரத்திவிடுகிறார். எமிலிக்கு முப்பது வயதாகிறது, திருமணமில்லை. அப்பா இறக்கிறார், வீட்டைத் தவிர அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவர் இறக்கவே இல்லை என்று மூன்று நாள் சாதிக்கிறாள். பிறகு ஊரில் நடைபாதை போட வந்த அமெரிக்காவின் வட மாநிலத்தவரான ஹோமர் பாரன் என்ற மேஸ்திரியோடு பழகுகிறாள். ஊர் முணுமுணுக்கிறது. அலபாமாவிலிருந்து ஒன்றுவிட்ட சகோதரிகள் இரண்டு பேரை வரவழைக்கிறார்கள். எமிலி மருந்துக்கடையில் ஆர்செனிக் என்ற விஷம் வாங்குகிறாள். ஹோமர் ஊரைவிட்டுப் போகிறான், சகோதரிகள் கிளம்பியதும் திரும்பி வருகிறான், ஒரு மாலை அவள் வீட்டுக்குள் நுழைகிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி நாற்றம் வருகிறது, சில வாரங்களில் அடங்குகிறது. எமிலி வீட்டுக்குள்ளேயே முதுமையடைந்து 74 வயதில் இறக்கிறாள். மாடியறையைத் திறக்கிறார்கள்.

இப்படி நேராகச் சொன்னால் இதில் மர்மம் என்று எதுவுமே இல்லை. விஷம் வாங்கினாள், ஆள் காணாமல் போனான், நாற்றம் வந்தது. சின்னப் பிள்ளைகூட முடிச்சுப் போட்டுவிடும்.

ஊர் இதை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். கதை ஐந்து பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் எமிலியின் சாவும், வரி கேட்டு வந்த நகரமன்ற ஆட்களை அவள் திருப்பி அனுப்பிய பழைய சம்பவமும் வருகின்றன. நாற்றம் இரண்டாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. அதுவும் வரிப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு, 'முப்பது வருடத்துக்கு முன்னால் நாற்ற விஷயத்தில் அவர்களுடைய அப்பாக்களைத் தோற்கடித்த மாதிரியே இவர்களையும் தோற்கடித்தாள்' என்ற தொனியில், எமிலியின் பிடிவாதத்துக்கு ஒரு உதாரணமாக. விஷம் வாங்கிய கதை மூன்றாம் பகுதியில். ஹோமர் கடைசியாக வீட்டுக்குள் போனது நான்காம் பகுதியில். காரணம் பின்னால், விளைவு முன்னால். நாற்றத்தைப் படிக்கும்போது நமக்கு ஹோமர் பாரன் என்ற பெயரே தெரியாது. காதலன் ஒருவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று போகிற போக்கில் ஒரு வரி மட்டும் வருகிறது. அவன் காணாமல் போகும் இடத்துக்கு வரும்போது நாற்றத்தை நாம் பாதி மறந்திருப்போம்.

ஃபாக்னர் காலத்தைக் கலைத்துப் போடுவதை அவருடைய நடைச் சிறப்பு என்று பாராட்டிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் அந்தக் கலைப்புக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் எப்படி நினைவுகூர்வாரோ, அப்படித்தான் இந்த ஊர் நினைவுகூர்கிறது. எதையும் மறைப்பதில்லை, பொய்யும் சொல்வதில்லை. இரண்டு உண்மைகள் அருகருகே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மருந்துக்கடையில் எமிலி கேட்பது விஷம், அதுவும் இருப்பதிலேயே நல்லதாக. எதற்கு என்று கடைக்காரர் கேட்கிறார். சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்கிறார். அவள் பதில் சொல்லாமல் அவருடைய கண்ணையே பார்க்கிறாள். கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறார், பொட்டலத்தைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார், திரும்பி வரவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், மண்டையோட்டுக் குறிக்குக் கீழே 'எலிகளுக்கு' என்று எழுதியிருக்கிறது. அவள் சொல்லாத காரணத்தை அவரே எழுதி சட்டத்தின் வாயை அடைத்துவிட்டார். அந்த ஊரின் முழுக் குணமும் இந்தச் சின்னக் காட்சியிலேயே இருக்கிறது. மறுநாள் ஊர் என்ன சொல்கிறது? 'அவள் தற்கொலை செய்துகொள்ளப் போகிறாள்; அதுதான் நல்லது' என்கிறது. ஒரு பெண் சாகப் போகிறாள் என்று நம்பிக்கொண்டே ஒருவர்கூடப் போய்க் கதவைத் தட்டவில்லை. விஷம் வேறொருவருக்காக இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்ததாகவும் சொல்லப்படவில்லை.

அப்புறம் நாற்றம். பக்கத்து வீட்டுப் பெண் முதலில் புகார் செய்கிறாள். எண்பது வயது மேயர் நீதிபதி ஸ்டீவன்ஸ், எமிலியின் வேலைக்காரன் முற்றத்தில் ஒரு பாம்பையோ எலியையோ அடித்துப் போட்டிருப்பான் என்கிறார். பழி போட ஒரு கறுப்பர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறார், பாருங்கள். மறுநாள் மேலும் இரண்டு புகார். அன்றிரவு நகரமன்றக் கூட்டத்தில் ஓர் இளைஞர், இதில் என்ன இருக்கிறது, வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி ஆள் அனுப்பலாம் என்கிறார். ஒரு சீமாட்டியின் முகத்துக்கு நேரே உன் வீடு நாறுகிறது என்று சொல்வாயா என்று நீதிபதி சீறுகிறார். மறுநாள் நள்ளிரவுக்குப் பிறகு நான்கு ஆண்கள் திருடர்களைப் போல எமிலியின் தோட்டத்துக்குள் நுழைகிறார்கள். வீட்டின் அடித்தளத்தை மோந்து பார்க்கிறார்கள். நிலவறைக் கதவை உடைத்து உள்ளே சுண்ணாம்பு தூவுகிறார்கள், வெளிக்கொட்டகைகளிலும் தூவுகிறார்கள். திரும்பும்போது இருண்டிருந்த ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிறது. அதன் முன்னால் எமிலி சிலை போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் ஓசைப்படாமல் போய்விடுகிறார்கள்.

நாற்றம் பாம்பிலிருந்தோ எலியிலிருந்தோ வருகிறது என்று உண்மையாகவே நம்பும் ஊர் இரவில் பதுங்கிப் போய்ச் சுண்ணாம்பு தூவுமா? செத்த எலியை எடுத்துப் போடு என்று வேலைக்காரரிடம் பகலிலேயே சொல்லியிருக்கலாம். அழுகும் உடலின் நாற்றத்தை அடக்கத் தூவும் பொருள் அது என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். உள்நாட்டுப் போரைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு கொலையின் தடயத்தை அழிக்கும் வேலையை ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் கையாலேயே செய்துவிட்டுப் போனார்கள். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் மரியாதை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஜெஃபர்சன் ஊரின் வாய் ஓயாமல் பேசுகிறது. எமிலி யாரோடு வண்டியில் போனாள், நகைக்கடையில் ஆண்களுக்கான வெள்ளி அலங்காரப் பொருட்களில் எந்த எழுத்துகளைப் பொறிக்கச் சொன்னாள், ஆண்களுக்கான இரவு உடை உட்பட என்னென்ன வாங்கினாள், தலைமுடி எந்த வருடத்தில் எந்த நிறத்தில் இருந்தது, எல்லாம் அதற்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயத்தில்தான் அது வாயை மூடிக்கொண்டது.

ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. மாடியில் நாற்பது வருடமாக யாரும் பார்க்காத ஓர் அறை இருக்கிறது, அதை உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்பது 'எங்களுக்கு ஏற்கனவே தெரியும்' என்கிறது ஊர். எப்படித் தெரியும்? கடைசிப் பத்து வருடங்களில் வேலைக்காரரைத் தவிர யாரும் வீட்டுக்குள்ளேயே போனதில்லை என்று கதையின் முதல் பத்தியே சொல்கிறது. அதற்கு முன்னால் போனவர்களும் மாடியைப் பார்த்ததாக ஒரு வரி கிடையாது. இருந்தும் ஓர் அறை, அது பூட்டியிருக்கிறது, நாற்பது வருடம் ஆகிறது என்ற அளவுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், கதை முழுவதையும் திருப்பிப் படிக்க வைக்க.

அடுத்த வாக்கியத்தில் 'நாங்கள்' சட்டென்று 'அவர்கள்' ஆகிவிடுகிறது. எமிலியை முறைப்படி மண்ணில் இறக்கும் வரை 'அவர்கள்' காத்திருந்தார்களாம், பிறகு திறந்தார்களாம். கதவை உடைத்தது யார் என்ற இடத்தில் கதைசொல்லி ஒதுங்கி நிற்கிறார். நகரமன்ற ஆட்கள் வரி கேட்டுப் போனபோதும் இப்படித்தான். சுண்ணாம்பு தூவியபோதும் இப்படித்தான். பொறுப்பு விழும் செயல்களில் ஊர் தன்னை மூன்றாம் மனிதராக்கிக்கொள்கிறது. பரிதாபப்படும்போதும் வேடிக்கை பார்க்கும்போதும் மட்டும் தயங்காமல் 'நாங்கள்' என்கிறது. கதவு உடைந்த பிறகு, கட்டிலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது 'நாங்கள்' திரும்பி வந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் கூட்டம் எப்போதும் உண்டு.

சரி, ஏன் இப்படி ஒரு மௌனம்? அதற்கு அந்த ஊரையும் காலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெஃபர்சன் கற்பனை ஊர்தான், ஆனால் ஃபாக்னர் வளர்ந்து வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டு என்ற மிசிசிப்பி ஊரை அடியொற்றியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்றன. ஆக்ஸ்ஃபோர்டின் நீதிமன்றச் சதுக்கத்தை 1864 ஆகஸ்டில் வடக்குப் படை எரித்தது. அடிமைமுறை ஒழிந்தது, பண்ணை வீட்டுச் செல்வம் கரைந்தது. மிஞ்சியது குடும்பப் பெயரும் அந்தஸ்தும் 'எங்கள் வீட்டுப் பெண்கள்' என்ற பெருமையும்தான். தோற்றுப்போன ஒரு வர்க்கம் தன் கௌரவத்தை எல்லாம் கொண்டுபோய் எமிலி போன்ற பெண்களின் தலையில் சுமத்தியது. கதை அவளை ஒரு மரபு, ஒரு கடமை, ஊர் பரம்பரையாகச் சுமக்கும் பொறுப்பு என்கிறது. நினைவுச்சின்னம் என்றும் சொல்கிறது. நினைவுச்சின்னத்தைப் போலீஸ் விசாரிக்குமா?

1894-இல் மேயர் கர்னல் சார்ட்டோரிஸ் எமிலிக்கு வரியைத் தள்ளுபடி செய்கிறார். தர்மம் என்றால் வாங்க மாட்டாள் என்பதால், அவளுடைய அப்பா ஊருக்குக் கடன் கொடுத்திருந்தார், அதற்கு ஈடாக இது என்று ஒரு கதை கட்டுகிறார். இதைச் சொல்லும் அதே வாக்கியத்தில், கறுப்பினப் பெண்கள் ஏப்ரன் (வேலைக்காரிகள் உடைக்கு மேல் கட்டும் துணி) கட்டாமல் தெருவில் வரக்கூடாது என்று ஆணையிட்டவர் இவர்தான் என்றும் ஃபாக்னர் சொருகிவிடுகிறார். ஒரு பெண்ணுக்குச் சலுகை, இன்னொரு இனப் பெண்களுக்கு வேலைக்காரி அடையாளம்; இரண்டையும் போடுவது ஒரே கை. கற்பனைக்கு வெளியே மிசிசிப்பியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1890-இல் அந்த மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதி, வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்து, கறுப்பர்களை வாக்குரிமையிலிருந்து விரட்டியிருந்தது. எமிலிக்குச் செய்த பெருந்தன்மை எந்த அமைப்பிலிருந்து வந்தது என்பது இங்கே தெரிகிறது.

பெண்ணை உயரத்தில் உட்கார வைக்கும் இந்த மரியாதைதான் கொலையைச் சாத்தியமாக்குகிறது என்று 1978-இல் ஜூடித் ஃபெட்டர்லி என்ற பெண்ணிய விமர்சகர் வாதிட்டார். சீமாட்டி விஷம் கேட்டால் கடைக்காரரால் மறுக்க முடியாது. சீமாட்டியின் வீட்டில் பிண நாற்றம் வந்தாலும் மேயரால் கேட்க முடியாது. அவளைத் திருமணம் செய்துகொள்ளவும் காதலிக்கவும் தெருவில் ஒருவனோடு சுதந்திரமாகப் போகவும் விடாத அதே கட்டுப்பாடு, அவள் ஒருவனைக் கொல்லக்கூடும் என்று நினைக்கவும் விடவில்லை. இந்த வாசிப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். கூடவே ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கொல்லப்பட்டவன் ஹோமர் என்பதும் ஊரின் மௌனத்துக்கு வசதியாக இருந்தது.

ஹோமர் வடக்கத்தியன், கூலிக்கு வேலை செய்கிறவன். அவனைச் சுற்றி எப்போதும் சிரிப்பும் கூட்டமும் இருக்கும். ஆனால் அவனுக்காகக் கேட்க ஊரில் ஒரு சொந்தம் இல்லை. அவன் காணாமல் போனபோது ஊர் சொன்னது, எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை என்று. தெரு வேலை முடிந்துவிட்டது, போயிருப்பான். பிறகு திரும்பி வந்து சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனதை ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு கிரியர்சன் ஆண் அப்படிக் காணாமல் போயிருந்தால் ஆற்றையே வலைபோட்டு அலசியிருப்பார்கள். ஹோமருக்காக ஒரு கேள்விகூட எழவில்லை.

இன்னொருவரும் இருக்கிறார். கதையில் ஒரே ஓர் இடத்தில் எமிலி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்: டோப். மற்ற இடங்களில் ஊர் அவரை வேலைக்காரர் என்றோ இனத்தின் பெயராலோதான் குறிப்பிடுகிறது. சமைப்பவர் அவர், தோட்டக்காரர் அவர், ஹோமருக்குக் கதவு திறந்துவிட்டவர் அவர். கூடையோடு கடைக்குப் போய்வரும் அவருடைய முடி நரைப்பதையும் முதுகு கூனுவதையும் வருடக்கணக்காகப் பார்த்ததாக ஊர் சொல்கிறது. அவர் யாரோடும் பேசுவதில்லை. ஒருவேளை எமிலியோடும் இல்லை, பேசாமலே குரல் துருப்பிடித்துவிட்டது என்கிறது. எமிலி இறந்ததும் வந்த பெண்களுக்கு முன்வாசலைத் திறந்துவிடுகிறார், வீட்டுக்குள் நேராக நடந்து பின்வாசல் வழியாக வெளியேறுகிறார், பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்து மிசிசிப்பியில், வெள்ளைக்காரச் சீமாட்டி ஒரு கொலை செய்தாள் என்று ஒரு கறுப்பர் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? சொன்னால் முதலில் பிடிபடுபவர் அவராகத்தான் இருந்திருப்பார். ஊரின் மௌனம் வசதியிலிருந்து வந்தது. டோபின் மௌனத்துக்கு வேறு வழியே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாக இருக்காது.

எமிலியைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அவள் பைத்தியம் என்று முத்திரை குத்துவது எளிது. கதையே அவளுடைய குடும்பத்தில் மனநிலை பிறழ்ந்த, பாட்டி முறையுள்ள ஒரு பெண்ணைக் காட்டி அந்த வழியைத் திறந்து வைக்கிறது. ஆனால் அப்பா இறந்தபோது நடந்ததைப் பாருங்கள். மூன்று நாள் பிணத்தைக் கொடுக்க மறுத்தாள். சட்டத்தையும் பலத்தையும் கொண்டு எடுக்க இருந்த நேரத்தில் உடைந்துபோனாள், அவசரமாகப் புதைத்தார்கள். தன்னிடமிருந்த எல்லாவற்றையும் பறித்தவரையே பற்றிக்கொள்வது தவிர அவளுக்கு வழியில்லை என்று ஊரே அப்போது சொன்னது. அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. அந்த முதல் மறுப்பிலேயே இரண்டாவதின் விதை இருக்கிறது. முதல் உடலை எடுத்துக்கொண்டு போனவர்கள் இரண்டாவதை எடுக்க முடியாதபடி பார்த்துக்கொண்டாள். கொலையை இது நியாயப்படுத்தாது. அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்பது இதனால் விளங்குகிறது.

கோதிக் மரபில் இந்தக் கதையின் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய நாவலிலிருந்து ஐரோப்பிய கோதிக்குக் கோட்டையும் சாபமும் போதுமானதாக இருந்தன. 1839-இல் எட்கர் ஆலன் போ 'அஷர் குடும்பத்தின் வீழ்ச்சி'யில் பயத்தை ஒரு வீட்டுக்குள்ளும் ஒரு மனத்துக்குள்ளும் கொண்டுவந்தார். ஃபாக்னரின் வீடோ பஞ்சு வண்டிகளுக்கும் பெட்ரோல் பம்புகளுக்கும் நடுவே, ஊரின் நெருக்கமான தெருவில் நிற்கிறது. ஒதுக்குப்புறக் கோட்டையில் நடக்கும் குற்றத்துக்குச் சாட்சி இல்லை. இங்கே தெருவே சாட்சி. 1935-இல் எலன் கிளாஸ்கோ என்ற தென்னக நாவலாசிரியை இவ்வகை எழுத்தைத் தெற்கத்திய கோதிக் என்று குறைசொல்லும் தொனியில் குறிப்பிட்டார்; பெயர் நிலைத்துவிட்டது, குறை உதிர்ந்துவிட்டது.

இந்தக் கதையின் வருடக் கணக்கை விமர்சகர்கள் பல விதமாகப் போட்டிருக்கிறார்கள், எதுவும் முழுமையாகப் பொருந்துவதில்லை. நாற்பது வயதுவாக்கில் ஆறேழு வருடம் பீங்கான் பாத்திரத்தில் ஓவியம் வரையச் சொல்லிக்கொடுத்தாள், அது நின்று எட்டுப் பத்து வருடம் கழித்து வரி கேட்க வந்தார்கள் என்றால் அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து பக்கம் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டிய வயதில் வந்த நாற்றத்துக்கு முப்பது வருடம் கழித்து வந்தார்கள் என்றால் அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். ஃபாக்னரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அது ஊரின் நினைவுக்குப் பொருத்தமாகவே படுகிறது. நிறங்களும் பொருட்களும் துல்லியமாக நினைவிருக்கின்றன, தேதிகளை அடுக்கினால் மட்டும் இடறுகிறது.

தலையணையில் கிடந்த முடிக்கு வருவோம். பின்னாளில் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களிடம் ஃபாக்னர், கைவிடப்பட்ட வீட்டில் தலையணை மேல் ஒரு முடி என்ற காட்சியிலிருந்துதான் கதை பிறந்தது, இது ஒரு பேய்க்கதை என்று சொன்னார். ஹோமர் காணாமல் போன காலத்தில் எமிலியின் முடி நரைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெளியே வராமல் இருந்து, மறுபடி தலைகாட்டியபோதுதான் நரைக்கத் தொடங்கியிருந்தது, சில வருடங்களில் இரும்புச் சாம்பல் நிறமானது. ஆக, அந்த நிறத்தில் ஒரு முடி தலையணையில் கிடப்பதென்றால், கொலை நடந்து வருடங்கள் கழித்தும் அவள் அந்தக் கட்டிலில் தலை சாய்த்திருக்கிறாள். அதே சமயம் அந்தத் தலையணை மேலும் தூசி சீராகப் படிந்திருக்கிறது. அவள் இறந்ததோ கீழ்த்தளத்து அறையில், வேறொரு கட்டிலில். மேல்தளத்தை அவள் மூடிவிட்டதாகவும் கதை சொல்கிறது. அப்படியானால் எப்போதோ ஒரு கட்டத்தில் அந்த அறைக்குப் போவதை அவளும் நிறுத்திவிட்டாள். கிழவியானபின் படியேற முடியவில்லையா, வேறு ஏதாவதா? எல்லாவற்றையும் உளவு பார்த்த ஊரிடம் இதற்கு மட்டும் பதில் இல்லை.

1955-இல் ஜப்பானுக்குப் போயிருந்தபோது, கதையில் எங்கும் யாரும் கொடுக்காத அந்த ரோஜாவைப் பற்றி ஃபாக்னரிடம் கேட்டார்கள். மாற்ற முடியாத துயரத்துக்கு ஆளான ஒரு பெண் அவள், அவள்மேல் இரக்கம் வந்தது, இது அவளுக்கு ஒரு வணக்கம் என்று பதில் சொன்னார். 'பாவம் எமிலி' என்று ஊரும் கதை நெடுகச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. விஷத்தை விற்றுவிட்டு, சுண்ணாம்பைத் தூவிவிட்டு. கதையை மறுபடி எடுப்பவர்கள் நான்காம் பகுதியை முதலில் படித்துவிட்டு இரண்டாம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு மூட்டையோடு தோட்டத்துக்குள் நுழையும் அந்த நான்கு பேரையும் அப்போது வேறு ஆட்களாகத்தான் பார்ப்பீர்கள்.